ஒரு நாளைக்கு ஒரு கவலை

அன்று காலை மைதானத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். எங்கள் கிளப்பின் பயிற்சியாளர் நசீர் சார். பெரிய ரங்கன் என்று நாங்கள் கூப்பிடும் ரங்கநாதன். சின்ன ரங்கன் என்கிற ரங்கராஜன். கையுறையோடு என் பக்கத்தில் நின்ற விக்கெட் கீப்பர் செல்வம். வேப்பமரத்தடியில் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த பந்துவீச்சாளர்கள் இருவர். குனிந்திருந்ததால் எதையும் பார்க்கவில்லை என்று அவர்கள் பிறகு சொன்னார்கள். டீ கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் முத்து. எட்டாவது ஆள் நான், கையில் மட்டையோடு. வராதவன் ஒருவனையும் சொல்லியாக வேண்டும். ஆண்டனி. அக்காவுக்கு நிச்சயதார்த்தம் என்று லீவு சொல்லியிருந்தான். அவன் வந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

பதினோரு வருடம் ஆகிவிட்டது. நான் வேலையிலிருந்து நின்றே ஒன்றரை வருடம். இப்போது எழுதக் காரணம் பெயிண்ட். கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உடற்பயிற்சியாளர் திவ்யா மேடம் போன மாதம் போன் செய்தார்.

"அண்ணா, டிரெஸ்ஸிங் ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறோம். உள்சுவத்துல நீலக் கலர்ல ஒரு வரி இருக்கு. 'கவலை இருந்தால் சொல்லவும். கணக்கு இல்லை'ன்னு. யாரைக் கேட்டாலும் மாணிக்கண்ணனைக் கேளுங்கன்றாங்க. என்னண்ணா அது, ஏதாவது பேங்க் விளம்பரமா?"

"இல்லம்மா. அது நசீர் சார் எழுதினது."

"அர்த்தம் தெரிஞ்சா அப்படியே விட்டுடலாம். இல்லன்னா மேல அடிச்சிடுவாங்க. ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன். பிளேயர்ஸுக்கும் படிச்சுக் காட்டுறேன்."

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத உட்கார்ந்தால் பேனா நடுவில் தீர்ந்துவிடுமோ என்று மூன்று பேனா வாங்கினேன். முதல் பேனாவே இன்னும் பாதி இருக்கிறது.

கிளப்பில் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. ஐந்து வருடம் புல் வெட்டினேன், ரோலர் இழுத்தேன், எல்லைக் கயிறு பரப்பினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் கேட்ச் பயிற்சிக்குப் பந்தடிக்கிற ஆள் வரவில்லை. நசீர் சார் தன் கைக்குட்டையை எடுத்துப் போய் அறுபது தப்படி தள்ளிப் புல்லில் விரித்துவிட்டு வந்தார். "இது மேல போடு, பாப்போம்" என்றார். மூன்றாவது பந்து கைக்குட்டையின் ஓரத்தில் விழுந்தது. அவர் நடந்து போய் அதை உதறி, நாலாக மடித்து, பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "நாளையிலேர்ந்து ரோலரை வேற ஆள் இழுக்கட்டும்." நான் ஃபீல்டிங் ஆள் ஆனது அப்படித்தான்.

ஃபீல்டிங் என்றால் கை என்று நினைக்கிறார்கள். கை கடைசியில்தான் வருகிறது. முதலில் கணுக்கால். அதற்காகத் தண்ணீர் இல்லாத மாதங்களில் எல்லோரையும் வெறுங்காலோடு கொள்ளிடத்து மணலில் ஓட வைப்போம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் பாதம் வெந்துவிடும். அடுத்து தொடை. சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார வேண்டும். நான் நூறு எண்ணுவேன். எண்பதுக்கு மேல் மெதுவாக எண்ணுகிறேன் என்று திட்டுவார்கள், அது உண்மைதான். பிறகு சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு முழங்காலையும் சேர்த்து மாட்டி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடை. தாவி விழப் பழகுவதற்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் புல்லில் விரித்து சோப்புத் தண்ணீர் ஊற்றுவோம். யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளையின் சிரித்த முகத்தில் செல்வம் வருடக்கணக்காக நெஞ்சால் வழுக்கினான். "இவரை ஒரு நாளைக்கு ரோட்டுல பாத்தா கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்கணும்ணே" என்பான்.

இதெல்லாம் முடிந்த பிறகு வாய். அதுதான் எங்கள் ஆட்களிடம் கஷ்டம்.

ஒரு பந்தயத்தில் வானத்துக்குப் போன பந்துக்கு இரண்டு பேர் ஓடினார்கள். வயதில் இளையவன் கத்தினான்: "அண்ணே, நீங்க எடுங்க!" மூத்தவர் அதே வேகத்தில், "பரவால்ல தம்பி, நீயே எடு!" பந்து இருவருக்கும் நடுவில் பொத்தென்று விழுந்தது. எதிர் அணியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நசீர் சார் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் எல்லோரையும் உட்கார வைத்தார்.

"மரியாதையை கேட்டுக்கு வெளியில செருப்போட விட்டுட்டு வாங்க. 'விடுங்க'ன்னு சொல்ல நாலு எழுத்து. அதுக்குள்ள பந்து கீழ வந்துடும்."

"மைன்னு கத்தலாமா சார்?" என்றான் செல்வம்.

"ரெண்டு பேரும் மைன்னா யாரு மைன்? வேண்டாம். எடுக்கப் போறவன் அவன் பேரை அவனே கூப்பிடட்டும். யாருக்கும் உத்தரவு போட வேண்டாம், யார் மனசும் கோணாது. கேட்டவன் நின்னுடணும். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அது எங்கள் கிளப்பின் சட்டம். தூரத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடுவது போல, பேரை ஒரே இழுப்பில் கூப்பிட வேண்டும். செல்வா! ஆண்டனி! ரங்கா! காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் மைதானத்தின் மூலைக்கு ஒருவராக நின்று தங்கள் பேரைத் தாங்களே கூப்பிடுவார்கள். பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் பால் வாங்க வந்தவர் என்னை நிறுத்தி, "ஏங்க, இவங்க எல்லாம் தினம் யாரைத் தேடுறாங்க?" என்று கேட்டார்.

இப்போதும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. போன மாதம் வரை ஆறு மணிக்கு என்னை அறியாமல் காது மைதானத்தின் பக்கம் திரும்பும். எங்கள் வீட்டிலிருந்து அங்கே ஒன்றரை கிலோமீட்டர். ஒன்றும் கேட்காது.

நசீர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு நேராக மைதானத்துக்கு வருவார். பத்து மணிக்குப் பெரிய கடை வீதியில் அவருடைய சூட்கேஸ் கடையைத் திறக்க வேண்டும். கழுத்தில் விசில் தொங்கும், அதை ஊதி நான் கேட்டதில்லை. கேட்சை விட்டால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். ஒரு ரூபாய் அபராதம். பேரைக் கூப்பிடாமல் ஓடினாலும் ஒரு விரல். நான் தப்பாக அடித்தால் எனக்கு இரண்டு விரல். "அவன் தப்பு அவனோட போச்சு மாணிக்கம். உன் தப்பு இன்னொருத்தன் முழங்காலைத் தேய்க்கும்." காசு அலமாரியில் இருந்த ஊறுகாய் ஜாடிக்குள் போகும். சனிக்கிழமை அதில் எல்லோருக்கும் கரும்புச் சாறு.

என் கவலைகளை அவர் கையாண்ட விதம் ஒன்று உண்டு. நான் பிறவியிலேயே கவலைப்படுகிறவன். வேப்பமரத்தில் தேன்கூடு இருக்கிறது, கலைந்தால் என்ன ஆகும். பந்தின் தையல் பிரிந்திருக்கிறது. கிழக்கே பார்த்து நிற்பவன் கண்ணில் வெயில் அடிக்கிறது. எல்லைக் கயிற்றின் முளை வெளியே தெரிகிறது. ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் ஓடி ஓடிப் போய்ச் சொல்வேன். ஒரு நாள் அவர் என் தோளில் கை வைத்தார்.

"மாணிக்கம், ஒரு நாளைக்கு ஒரு கவலை சொல்லு. ஒண்ணு சொன்னா கண்டிப்பா செய்வேன். பத்து சொன்னா பத்தையும் விட்டுடுவேன். எது பெருசுன்னு நீயே யோசிச்சு எடுத்துட்டு வா."

அதற்குப் பிறகு தினமும் டீயை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்பார்: "சரி, இன்னிக்குக் கவலை என்ன?" தலையைச் சாய்த்துக் கேட்பார். ஒரு தடவை கூடச் சிரித்ததில்லை. சொன்னதைச் செய்யாமல் விட்டதும் இல்லை. சைக்கிளில் வரும் வழி முழுவதும் நான் அன்றைய கவலைகளை வரிசையாக வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். என் வாழ்க்கையில் என் பயத்துக்கு ஓர் இடம் கொடுத்த ஒரே மனிதர் அவர்தான்.

சின்ன ரங்கன் வந்த முதல் நாளே எனக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் நின்று ரங்கா என்று கூப்பிட்டால் வீட்டுக்கு ஒரு தலை எட்டிப் பார்க்கும். எங்கள் அணியில் அதுவரை ஒரே ரங்கன்தான் இருந்தான். உறையூரில் கைத்தறிப் புடவைக் கடையில் வேலை பார்த்த பெரிய ரங்கன். வயது இருபத்தெட்டு, மலை மாதிரி உடம்பு, அதைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது மான். சின்னவனுக்குப் பத்தொன்பது. அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். பையன் வாயைத் திறப்பதே அபூர்வம், ஆனால் எல்லையிலிருந்து அவன் எறிந்தால் பந்து ஸ்டம்புக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வந்து நிற்கும். இரண்டு ரங்கன்களுக்கும் ஒரே கூப்பாடு. இதை ஒரு நாள் கவலையாகச் சொல்லியிருந்தால் சார் அவனுக்கு ராஜா என்று பேர் வைத்திருப்பார், முடிந்தது. இதற்குப் போய் ஒரு நாளைச் செலவழிக்க வேண்டாம் என்று நானே சமாளித்தேன். ஜோடி போடுவது நான்தானே. இருவரையும் சேர்த்து நிறுத்தாமல் ஆறு மாதம் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் காலையில் என்னிடம் இரண்டு கவலை இருந்தது. ஒன்று, இடது பக்க எல்லையோரம் பெருச்சாளி தோண்டிய குழி. மற்றது, ஆண்டனி வரவில்லை, அவன் இடத்தில் யார் நிற்பது. பெரிய ரங்கனுக்கு எப்போதும் ஆண்டனிதான் ஜோடி. பத்து நாளில் சின்ன ரங்கனுக்குச் சென்னையில் தேர்வு. ஓர் அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அவன் எறிவதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வேலை கிடைத்தால் வீட்டுக்காரர் ஏற்றிக் கேட்கும் வாடகையைக் கொடுத்துவிடலாம், வீதியை விட்டுப் போக வேண்டாம் என்று அவன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அவன் கால் குழியில் மாட்டினால் எல்லாம் போச்சு. அதனால் குழியைத் தேர்ந்தெடுத்தேன்.

சார் உடனே வந்து பார்த்தார். செங்கல் துண்டு போட்டு, மணல் கொட்டி, அவரே மிதித்துப் பார்த்தார். பிறகு, "சின்னவனுக்கு உயரப் பந்து வேணும். பெரியவனோட நிக்கட்டும்" என்றார்.

நான், "சார்..." என்றேன்.

"குழி மூடியாச்சுல்ல?"

"மூடியாச்சு சார்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

இந்த நாலு வரியை இந்தப் பதினோரு வருடத்தில் எத்தனை தடவை எனக்குள் பேசியிருப்பேன் என்று சொல்ல முடியாது.

முப்பது தப்படி இடைவெளியில் இருவரும் நின்றார்கள். உயரப் பந்து அடிக்கும்போது ஆளைப் பார்க்கக் கூடாது, வானத்தைத்தான் பார்க்க வேண்டும். இடது கையால் பந்தை விட்டு, வலது தோளைத் தாழ்த்தி, மட்டையை அடியிலிருந்து கொண்டு வந்தேன். என் வாழ்க்கையிலேயே சரியாக அடித்த பந்து அது. தென்னை உயரத்துக்கு மேல் போய், கொள்ளிடத்துக் காற்றில் லேசாகத் திரும்பி, இருவருக்கும் மிகச் சரியாக நடுவில் இறங்கியது.

"ரங்கா!" என்று சத்தம் கேட்டது.

இருவரும் நிற்கவில்லை. தேங்காய் மூட்டையை லாரியிலிருந்து தள்ளிவிட்டது போல ஒரு சத்தம். பந்து பக்கத்தில் விழுந்து என்னை நோக்கி உருண்டு வந்தது.

பெரிய ரங்கனுக்கு உதடு கிழிந்தது, அவ்வளவுதான். சின்னவன் வலது தோளைக் கீழே கொடுத்து விழுந்திருந்தான். செல்வம் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். என் துண்டால் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். முத்து டீ கேனை இறக்கி வைத்துவிட்டுச் சைக்கிளில் போய் ஆட்டோ கூட்டி வந்தான். "எண்ணி பத்து நாள்தானே அண்ணா இருக்கு, சரியாயிடுமா?" என்று ஆட்டோவில் கேட்டுக்கொண்டே வந்தான் சின்னவன். பெரிய ரங்கன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். காறை எலும்பு இரண்டாக உடைந்து, தோள் மூட்டும் பிசகியிருந்தது. தேர்வுக்குப் போக முடியவில்லை. எலும்பு மூன்று மாதத்தில் சேர்ந்தது. எறிந்தால் பந்து இருபது தப்படிக்கு மேல் போகவில்லை. கொஞ்ச நாள் வந்தான், பிறகு வரவில்லை. உத்திர வீதி வீட்டையும் காலி செய்துவிட்டார்கள்.

மறுநாள் காலை சார் டீயைக் கொடுத்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"சார், நேத்து என்கிட்ட ரெண்டு கவலை இருந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். "ரெண்டாவது?"

சொன்னேன். அவர் ரோலரின் மேல் உட்கார்ந்துவிட்டார். டீ ஆறி ஏடு படிந்தது. "உன் வாயை நான்ல கட்டி வச்சிருக்கேன்" என்றார் கடைசியில்.

ஜாடியில் போட இரண்டு ரூபாயை எடுத்தேன். அவர் வந்து ஜாடியின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "இது தப்பான அடி இல்ல. போடாத." பிறகு ஸ்கோர் பலகைக்கு வாங்கிய நீல பெயிண்டை எடுத்து, மோதிர விரலெல்லாம் நீலமாக, அந்த வரியைச் சுவரில் எழுதினார். கவலை இருந்தால் சொல்லவும். கணக்கு இல்லை. அதற்குப் பிறகு எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஆகிவிட்டது. ஆனால் எனக்குத்தான் முன்போலச் சொல்ல வரவில்லை. அவருக்கும் முன்போலத் தலையைச் சாய்த்துக் கேட்க வரவில்லை. மூன்று வருடம் முன்பு சார் மௌத்தாகி எங்களை விட்டுப் போனார். இப்போது என் மனைவியிடம் காலையில் ஒன்று சொல்லிப் பார்ப்பேன். "சரி, அடுத்தது?" என்பாள். நல்லவள்தான். ஆனால் கேள்வி அது இல்லையே.

சின்ன ரங்கன் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பார்சல் கவுன்ட்டர் வைத்திருக்கிறான் என்று எனக்கு எப்போதோ தெரியும். அதனால்தான் சத்திரம் பஸ்ஸில் வந்தாலும் ஓடத்துறையிலேயே இறங்கி, சந்து வழியாக நடப்பேன். திவ்யா மேடம் எழுதச் சொன்ன பிறகு, ஒரு விஷயம் தெரியாமல் எழுத முடியவில்லை. நான் கேட்டது ஒரு குரலா, ஒரே நேரத்தில் எழுந்த இரண்டு குரலா? அன்று சின்னவன் கூப்பிட்டானா? போன மாதம் சத்திரம் வரைக்கும் பஸ்ஸிலேயே போனேன்.

"வாங்கோ மாணிக்கண்ணா" என்றான், நேற்றுதான் பார்த்தது போல. கொஞ்சம் பருத்திருந்தான். "இன்னிக்கு ஓடத்துறையில இறங்கலையா?"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"நானும் அதே பஸ்லதானே வரேன். பின்னாடி சீட்டு."

இடது கையால் ஒரு பெட்டியை எடுத்துத் தராசில் வைத்தான். தோள் வலிக்குதா என்று கேட்டேன்.

"தூக்கறதுக்கு வலிக்கலண்ணா. எறியறதுக்குத்தான். இங்க எதையும் எறியப்படாது. போட்டிருக்கு பாருங்கோ." பெட்டியின் மேல் 'உடையும் பொருள், எறியாதீர்' என்று ஒட்டியிருந்தது. அவன்தான் முதலில் சிரித்தான்.

கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நீ பேரைக் கூப்பிட்டியாடா?"

ஒட்டிக்கொண்டிருந்த டேப்பைக் கீழே வைத்தான். "இல்லண்ணா. வாயே தொறக்கல."

"ஏன்?"

"தொறக்கறதுக்குள்ள என் பேர் கேட்டுடுத்து. பெரிய ரங்கண்ணா குரல். ஆறு மாசமா அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'ஏய் பொடியா'ம்பார். அன்னிக்கு ரங்கான்னு கூப்பிட்டார். கேட்சை எனக்குக் குடுக்கறார்னு நினைச்சுண்டேன்." டேப்பை மறுபடி கையில் எடுத்தான். "சட்டமெல்லாம் மறந்தே போச்சு. அவ்வளவு சந்தோஷமா ஓடினேண்ணா."

பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். "அண்ணா, அதுவும் உடையற பொருள்தான்" என்று கையைப் பிடித்து எழுப்பி ஸ்டூலைப் போட்டான்.

குழியையும், நான் சொல்லாமல் விட்ட இரண்டாவது கவலையையும் அவனிடம் சொன்னேன். இரண்டு பேர் பார்சல் போட வந்தார்கள். எடை பார்த்தான், ரசீது கிழித்தான், மீதி கொடுத்தான். அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பினான்.

"கூப்பிடாம ஓடினா எவ்வளவுண்ணா?"

"ஒரு ரூபா."

"அப்போ நான் அன்னிக்குக் கட்டலையே." சட்டைப் பையைத் தடவினான். மேஜை டிராயரைத் திறந்தான். எல்லாம் ஐந்தும் பத்துமாகத்தான் இருந்தது. "ஸ்கேன் பண்ணலாமா?"

"ஊறுகாய் ஜாடியை எப்படிடா ஸ்கேன் பண்றது?"

"சரி, நேர்ல வந்து போடறேன். காலம்பற ஆறு மணிதானே?"

"ஆறு மணிதான்."

சொல்லி நாலு வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கூடக் கவுன்ட்டர் உண்டு, வேலை இருக்கும். அதோடு மழை வேறு. திவ்யா மேடத்திடம் இந்தத் தாள்களைக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளப் போகிறேன். ஜாடியை அலமாரியிலிருந்து எடுக்க வேண்டாம். அந்தச் சுவரை மட்டும் கடைசியில் அடிக்கட்டும். அவன் வந்து பார்த்த பிறகு அடித்தாலும் சரி.

அவன் காசை நானே போட்டுவிடலாம். போடவில்லை. பாக்கி இருக்கிறவரைக்கும் அவன் வர வேண்டியவன். இந்த நாலு வாரமாக ஐந்தரைக்கே போய் வேப்பமரத்தடியில் உட்காருகிறேன். சார் போடவிடாத என் நாணயமும் சட்டைப் பையில் இருக்கிறது, அவன் வந்ததும் சேர்த்துப் போடலாம் என்று. அவனுடையது ஒன்று, என்னுடையது இரண்டு. ஜாடிக்கு வர வேண்டியது மூன்று ரூபாய்.